பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள்

இரண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் சுற்றுகிற, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வீடியோவைத்தான் சொல்கிறேன். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் நம் ஆட்கள் சிலர் பலகைப் பாதையை விட்டு இறங்கி, குழந்தையையும் இறக்கி நிறுத்திப் படம் எடுக்கிறார்களே, அதே வீடியோ. அதற்குக் கீழே நம் ஆட்களே எழுதுகிறார்கள்: "நாலு அடி தள்ளி நின்னா என்ன ஆகிடும்?" படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என்ன ஆகும் என்று சொல்கிறேன். பாதைக்கு வெளியே வெள்ளையாகத் தெரிவதை நம்பிக் கால் வைக்க முடியாது. வெந்நீரில் கரைந்து வந்த சிலிக்கா ஆறி, ஏடு ஏடாகப் படிந்தது அது. ஓரிடத்தில் கல் மாதிரி தாங்கும், அடுத்த அடியில் அப்பளமாக நொறுங்கும். எது தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் பூங்காக் காவலரான ரேஞ்சராலும் சொல்ல முடியாது. அடியில் கொதிநீர். அந்தப் பூங்கா இருக்கும் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். 1981ல் அங்கே செலஸ்டைன் என்ற வெந்நீர்க் குளத்தில் நண்பரின் நாய் குதித்துவிட, அதைக் காப்பாற்றப் பாய்ந்தவர் பிழைக்கவில்லை. 2016ல் அதே பூங்காவின் நாரிஸ் பகுதியில் பாதையை விட்டு விலகிப் போய், சூடு பார்க்கக் குனிந்து வழுக்கி விழுந்தார் ஓர் இளைஞர். அங்கே தண்ணீரில் அமிலமும் அதிகம். உடலைக்கூட வீட்டாரிடம் கொடுக்க முடியவில்லை.

"எங்க உயிர், எங்க இஷ்டம்" என்பவர்களுக்கு: அங்கே இருப்பது உங்கள் உயிர் மட்டும்தானா? ஊற்றைச் சுற்றித் தெரிகிற அந்த மஞ்சளும் ஆரஞ்சும் நுண்ணுயிர்கள். ஊற்றின் நடுவில் சூடு தாங்காமல் அவை வளர்வதில்லை, அதனால் நீலம். ஓரத்துக்கு வர வர தண்ணீர் ஆறும், சூட்டுக்குத் தக்கபடி நிறம் மாறும். மெத்தென்று விரித்த அந்தப் படலத்தில் ஒரு கால்தடம் பதிந்தால் அழிய வருஷக்கணக்கில் ஆகும். 1960களில் இந்தப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் கண்டுபிடித்த நுண்ணுயிரின் நொதியை வைத்துத்தான் பிசிஆர் சோதனையே வளர்ந்தது. கொரோனா சமயத்தில் நாம் எல்லாரும் மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றோமே, அந்தச் சோதனை.

காசு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அதே பூங்காவின் மார்னிங் குளோரி என்ற வெந்நீர்க் குளத்தில் ஆளாளுக்கு ஒரு நாணயம் என்று போட்டுப் போட்டு, அடியில் வெந்நீர் வரும் துளை அடைத்தது. சூடு குறைந்தது. ஓரத்து மஞ்சள் நடுவை நோக்கி நகர்ந்தது, பழைய நீலம் போயே போய்விட்டது. ஒரே ஒரு காசுதானே என்றுதான் ஒவ்வொருவரும் போட்டார்கள்.

"வெள்ளைக்காரன் செய்தா பேச மாட்டீங்க" என்று ஒருவர். யார் செய்தாலும் தப்புதான். 2014ல் அந்தக் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்குள் ட்ரோனை விழவிட்டவர் நெதர்லாந்துக்காரர், 3,000 டாலருக்கு மேல் கட்டினார். நம் ஆட்களைச் சொல்வது, நம் ஆட்கள் என்பதால்தான்.

"வேலி போடலாமே?" வேலிக்கால் ஊன்றவும் நொறுங்குகிற அதே சிலிக்கா ஏடுதான் இருக்கிறது.

படம்தானே வேண்டும்? ஃபேரி ஃபால்ஸ் வண்டி நிறுத்தத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்தால் மேலே பார்வைத் தளம், ஏற்றம் 30 மீட்டர் சொச்சம்தான். அதிகாலையில் போகாதீர்கள். குளிரில் ஆவி மூடிக்கொண்டு நிறமே தெரியாது. வெயில் உச்சிக்கு ஏறியபின் போங்கள். கீழே பலகைப் பாதைக்கு வரும்போது தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், காற்று பறித்துக்கொண்டு போய் ஊற்றில் போட்டுவிடும். அதை எடுக்க இறங்கவே வேண்டாம், ரேஞ்சர்கள் நீளக் கழியோடு வருவார்கள். பெரும்பாலான இடங்களில் கைப்பிடி கிடையாது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். காட்டெருமை என்றால் 23 மீட்டர், கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

இதற்குப் பிறகும் "ஒன்னும் ஆகலையே" என்பவர்கள் அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். குழந்தை காலைத் தூக்கியதும், செருப்பு பதிந்த குழியில் தண்ணீர் ஊறி நிற்கிறது. அதிலிருந்து ஆவி எழும்புகிறது.