லட்சத்தீவுக்குப் போகிறீர்களா? கப்பலில் சுற்றாமல் தீவில் தங்குங்கள்

அரையாண்டு விடுமுறைக்கு லட்சத்தீவு போகலாம் என்று பேச்செடுத்ததுமே எங்கள் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. தம்பிக்குச் சுற்றுலாக் கப்பல்தான் வேண்டும். எனக்குத் தீவில் தங்க வேண்டும். இரண்டு விதமாகவும் போய் வந்தவள் என்பதால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. குழந்தைகள், வயதானவர்கள் என்று குடும்பமாகப் போகிற யாராக இருந்தாலும் முதலில் தீவில் தங்கும் வழியைத்தான் யோசிக்க வேண்டும் என்பேன். ஏன் என்று விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, கசினோ எல்லாம் உள்ள பெரிய தனியார் சுற்றுலாக் கப்பல் ஒரு வகை. கொச்சியிலிருந்தோ மும்பையிலிருந்தோ கிளம்பி, நடுவில் ஒரு நாள் ஏதாவது ஒரு தீவுக்கு வெளியே நங்கூரம் போடும். இன்னொன்று லட்சத்தீவு நிர்வாகத்தின் 'ஸ்போர்ட்ஸ்' (SPORTS) என்ற சுற்றுலா அமைப்பு பல வருடங்களாக நடத்தும் 'சமுத்திரம்' பயணம். எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாள், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று தீவுக்கொரு நாள் இறக்கிச் சுற்றிக் காட்டுவார்கள், இரவுத் தூக்கம் கப்பலில். மூன்றாவது, தீவிலேயே தங்குவது. அகத்தி, பங்காரம், கட்மத் மாதிரித் தீவுகளில் கடற்கரைக் குடில்களும் சிறு விடுதிகளும் இருக்கின்றன, அகத்தியில் ஊர்க்காரர்கள் நடத்தும் தங்குமிடங்களும் உண்டு. எதில் போனாலும் நுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும். பயணம் ஏற்பாடு செய்கிறவர்களே பெரும்பாலும் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

கப்பலில் போனால் தீவு நமக்கு எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. காலை உணவு முடிந்து, வரிசையில் நின்று, பாதுகாப்புச் சட்டை மாட்டி, சிறு படகில் ஏறி, கரைக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிடும். நான்கு மணிக்கெல்லாம் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். லட்சத்தீவு நம் ஊரைவிட மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பன்னிரண்டரை தாண்டித்தான். அதாவது வெயில் மிகக் கொடுமையாக அடிக்கும் நேரம் முழுக்க நாம் வெள்ளை மணலில் நிற்கிறோம். மணலும் வெயிலைத் திருப்பி அடிக்கும், தண்ணீரும் அடிக்கும். குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சிவந்துபோய்த் தென்னை நிழலைத் தேடி ஓடுவார்கள். நாங்கள் போன கப்பல் பயணத்தில் கூட வந்த குடும்பங்களில் பாதிப் பேர் சாப்பாடு முடிந்ததும் "எப்போது படகு திரும்பும்" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் கட்டிக் கடல் தாண்டி வந்தவர்கள் தீவை விட்டுப் போகக் காத்திருந்தார்கள். பார்க்கவே எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தத் தீவுகள் அழகாக இருப்பது காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள்ளும், மாலை நான்கரைக்கு மேலும்தான். அதைவிட்டால் இரவு. பங்காரம், திண்ணகரா பக்கம் சில இரவுகளில் அலை உடையும் இடத்தில் நீல ஒளி மின்னும், கடல் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. கப்பலில் இருப்பவர்களுக்கு இந்த மூன்று வேளையும் கிடையாது. அந்த நேரத்தில் அவர்கள் ஏழாவது தளத்தில் பஃபே வரிசையில் நிற்பார்கள்.

அப்புறம் கடல் வற்றம். நான் கன்னியாகுமரி மாவட்டக்காரி, கடல் ஏறுவதும் வற்றுவதும் எனக்குப் புதிதில்லை. ஆனால் பவளத்தீவில் அது வேறு விஷயம். அங்கே தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அரணாக நிற்கிறது, அதற்கு உள்ளே ஆழமில்லாத, அலையில்லாத பச்சைக் கடல். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு நாளும் அந்த நேரம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நன்றாக வற்றும்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தே போகலாம். கடல் அட்டை, நட்சத்திர மீன், ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் துறவி நண்டு எல்லாம் கண்ணெதிரே. ஊர்க்காரர்கள் திட்டின்மேல் நடந்து பொந்துக்குள் இருக்கும் ஆக்டோபஸைக் குச்சியால் பிடிப்பதும் அந்த நேரத்தில்தான். தண்ணீர் ஏறி நிற்கும்போது நீந்தலாம், மிதந்துகொண்டே மீன் பார்க்கலாம். ஒரே கடல், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு வேறு இடங்கள்.

ஒரு நாள் மட்டும், அதுவும் பத்திலிருந்து நான்கு வரைக்கும் மட்டும் வருகிறவருக்கு வற்றம் அமைவது அதிர்ஷ்டம். கப்பலின் அட்டவணை கடலைக் கேட்டுப் போட்டது கிடையாது. நான்கு நாள் தங்கினால் ஏதோ ஒரு காலையோ மாலையோ வற்றமும் இளவெயிலும் சேர்ந்து அமைந்துவிடும். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தேதி போடுங்கள். அந்த நாட்களில்தான் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். விமான டிக்கெட் விலையைப் பத்து முறை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இதை ஒருமுறை பார்த்தால் போதும், பயணமே வேறாகிவிடும். குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப் போங்கள்: எதையும் கையில் எடுக்கக் கூடாது, உயிருள்ள பவளத்தின்மேல் கால் வைக்கக் கூடாது. கடல் அட்டை சட்டப்படிப் பாதுகாக்கப்பட்ட உயிர். பவளங்கள் ஏற்கெனவே 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஒவ்வொரு முறையும் வெளுத்துச் செத்திருக்கின்றன. மிச்சம் இருப்பதையாவது நாம் மிதித்து உடைக்காமல் இருக்கலாம். இதனாலேயே ஆயிரம் பேரை ஒரே நாளில் ஒரே கரையில் இறக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது வயதானவர்கள். "அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் கப்பல்தான் வசதி" என்று தம்பி சொல்வதைப் போலப் பலரும் நினைக்கிறார்கள். கப்பலுக்குள் இருக்கும்வரை அது சரி. லிஃப்ட் இருக்கும், மருத்துவர் இருப்பார். ஆனால் பவளத்திட்டு இருப்பதால் பெரிய கப்பல் கரைக்கு அருகே வர முடியாது, வெளியே ஆழ்கடலில் நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து கீழே ஆடிக்கொண்டிருக்கும் படகில் காலெடுத்து வைக்க வேண்டும். படகு அலையோடு மேலே வரும் நொடியில் படகுக்காரர்கள் இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிடுவார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், குறையே சொல்ல மாட்டேன். ஆனாலும் எங்கள் அம்மா அந்தக் கதவுவரை வந்து, கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க மக்களே" என்று திரும்பிவிட்டார். தீவு பார்க்க வந்த அம்மா, தீவைக் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்துதான் பார்த்தார். அலை அதிகமாக இருந்தால் யாருமே இறங்க முடியாது, கப்பல் தீவைத் தாண்டிப் போய்விடும். அதற்கு இடம் கொடுக்கும் வாசகம் கப்பல் நிறுவனங்களின் நிபந்தனைகளில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், முன்பதிவுக்கு முன்பே தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்த முறை அதே அம்மாவைக் கொச்சியிலிருந்து விமானத்தில் அகத்திக்குக் கூட்டிப்போனேன். சின்ன ஏடிஆர் விமானம், ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ஓடுதளம் 1,200 மீட்டர்தான், இரண்டு பக்கமும் கடல். இறங்கினால் தரைதான், படகில் தாவும் வேலை இல்லை. நாங்கள் அகத்தியிலேயே தங்கினோம். அம்மா தினமும் விடிந்ததும் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொள்வார், பேரப்பிள்ளைகள் சுற்றி விளையாடும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு நம் மாவட்டத்து மலையாளத்தில் பேச ஆரம்பித்து, அவர்களுடைய ஜெசரி வழக்கு பாதி புரிந்து பாதி புரியாமல், இரண்டாம் நாளே அவர்கள் வீட்டில் சூரை மீன் வைக்கும் பக்குவம்வரை தெரிந்துகொண்டார். கப்பலில் இருந்த நாட்களில் அம்மா அறையை விட்டு வெளியே வந்ததே குறைவு. பிள்ளைகள் நீச்சல் குளத்தில், ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், சாப்பாட்டு நேரத்தில்தான் எல்லோரும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வோம். வீட்டிலும் அப்படித்தானே இருக்கிறோம்? சிறு தீவில் போக வேறு இடமே இல்லை என்பதால் குடும்பம் தானாக ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்து போகிறோம் என்று நான் நினைக்கிறேன்.

கப்பலுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இதய நோயாளியோ, அடிக்கடி மருத்துவ உதவி தேவைப்படுகிறவரோ இருந்தால் கப்பலில் ஒரு மருத்துவர் இருப்பது பெரிய தைரியம். பங்காரம் போன்ற ஆளில்லாத் தீவில் அந்த வசதி கிடையாது, படகில் அகத்திக்கு வர வேண்டும். நிலைமை மோசமானால் தீவுகளிலிருந்து ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோவார்கள். அதோடு, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கப்பலில் கஷ்டமே இல்லை. தீவில் காய்கறி கப்பலில் வந்தால்தான் உண்டு, மூன்று வேளையும் மீன் வாசனை இருக்கும். மினிக்காயைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் சமுத்திரம் மாதிரிப் பயணம் நல்ல வழி. ஒன்பது டிகிரிக் கால்வாய் என்கிற அகலமான கடற்பகுதிக்குத் தெற்கே தனியாகக் கிடக்கும் அந்தத் தீவில் 1885-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம் இருக்கிறது, மக்கள் பேசுவது மாலத்தீவு மொழியோடு ஒட்டிய மஹல். நாமாகத் திட்டம் போட்டுப் போய்வருவது அவ்வளவு சுலபமில்லை.

தீவில் தங்கப் போகிறவர்கள் மாலத்தீவு விளம்பரப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அறை சாதாரணமாகத்தான் இருக்கும். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கிடையாது, எனக்கு அது ஒரு நிம்மதி. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் தொடங்கிவைத்தார்கள், இணையம் முன்பு போலத் திண்டாட்டமில்லை. தண்ணீர்தான் முக்கியம். அங்கே ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது, கிணற்றில் வருவது அதுதான். அதிகம் இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்தான் 2005-இல் கவரத்தியில் ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையை அமைத்தது. மேல்கடலின் சூடான நீரையும் சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரையும் வைத்து ஆவியாக்கிக் குளிரவைக்கும் முறை. பிறகு மினிக்காயிலும் அகத்தியிலும் அதே முறையில் கட்டினார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஓடும் பழக்கம் தானாக நின்றது. ஷவரில் கால் மணி நேரம் நிற்கிற பழக்கத்தை நாமும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். கப்பல் விளம்பரத்தில் போடும் தொகை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு. அதன்மேல் வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் வரும், தீவில் இறங்குவதற்கே தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிய தொகையைக் கேட்டு வாங்குங்கள். தீவில் தங்கினால் விமான டிக்கெட்தான் பெரிய செலவு, ஸ்கூபாவும் படகும் தனி. எட்டுப் பேர் குடும்பத்துக்கு விமானம் கட்டுப்படியாகாது என்பதும் உண்மைதான்.

அப்படிப்பட்டவர்களுக்கும், தம்பி மாதிரிக் கப்பல் ஆசை விடாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கொச்சியிலிருந்து தீவு மக்கள் போய்வரும் அரசுக் கப்பலிலேயே டிக்கெட்டோடு சேர்த்து கட்மத் மாதிரித் தீவில் தங்கும் பயணங்கள் உண்டு. கடலில் ஓர் இரவு, தீவைப் பொறுத்துப் பதினான்கிலிருந்து பதினெட்டு மணி நேரம் போல. கப்பலையும் பார்த்த மாதிரி ஆகும், தீவில் இரவும் காலையும் கிடைக்கும். அந்தக் கப்பல்களில் ஊருக்குத் திரும்பும் மாணவர்கள், சிகிச்சை முடிந்து போகிறவர்கள், கைக்குழந்தையோடு பெண்கள் என்று தீவு மக்களோடு பேசிக்கொண்டே போகலாம். படகில் இறங்கும் சிக்கல் இதிலும் உண்டு என்பதால், அம்மா மாதிரி முட்டி வலி உள்ளவர்களையும் துணைக்கு ஒருவரையும் மட்டும் அகத்திக்கு விமானத்தில் அனுப்பிவிட்டு, தங்குவதையும் எல்லோருக்கும் அகத்தியிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்த டிசம்பருக்கு நான் வீட்டில் சொல்லியிருக்கும் திட்டமும் இதுதான், தம்பி பாதி சம்மதித்துவிட்டான்.

மே மாத விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே போய் வந்துவிடுங்கள். மாதம் பாதி தாண்டினால் கடல் கொந்தளிக்க ஆரம்பிக்கும், கப்பல்கள் ரத்தாகும், செப்டம்பர்வரை நிலைமை அப்படித்தான். அனுமதிக்கும் டிக்கெட்டுக்கும் நாளாகும் என்பதால் டிசம்பர் பயணத்துக்கு இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள்.