சாவை எப்படி நினைப்பது?
தினமும் கொஞ்ச நேரம் மரணத்தை நினைத்தால் மனம் தெளியும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் எப்படி நினைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை 'நீயும் சாவாய்' என்று நினைவூட்டும் மொபைல் செயலிகூட வந்துவிட்டது. ஒரு நொடி பார்த்துத் தள்ளிவிட்டால் என்ன மிஞ்சும்? பௌத்தத்தின் மரண தியானம் அப்படியில்லை. இந்த மூச்சுக்கு அப்புறம் அடுத்தது வராமலே போகலாம் என்பதை நிதானமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறது.

எனக்கு நெருக்கமானது எபிக்டெட்டஸ் காட்டிய வழி. அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியர் ஆனவர் அவர். குழந்தையை முத்தமிடும்போதே அது என்றும் நம்மோடு இருக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொள் என்கிறார். கேட்கவே கொடூரமாக இருக்கும். ஆனால் அப்பா பழைய கதையை மறுபடி ஆரம்பிக்கும்போது, "இதை ஏற்கெனவே சொன்னீங்கப்பா" என்று வெட்டாமல், கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்கிறேன் என்றால், அந்த நினைப்புதான் காரணம்.

ஒன்று மட்டும் அந்தக் கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்களுக்கும், வாழவே பிடிக்காமல் இருப்பவர்களுக்கும் தயவுசெய்து இந்தப் பயிற்சியைச் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பேச்சுத்துணையும், தேவைப்பட்டால் மருத்துவரும்தான் வேண்டும்.