எங்கள் வீட்டு நைட்ரஜனும் முட்டுக்காட்டு இறாலும்

எங்கள் வீடு கானாத்தூரில் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் தெரியும். அது தெற்கே போய் முட்டுக்காட்டு உப்பங்கழியில் சேர்கிறது. அங்கிருந்து கோவளத்துக்குப் பக்கத்தில் முகத்துவாரம், அப்புறம் கடல். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான்.

போன வருடம் சித்திரையில் எங்கள் டேங்க் நிரம்பியது. லாரியைக் கூப்பிட்டோம். வந்தார்கள், உறிஞ்சினார்கள், 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். அரை மணி நேரம் கழித்து மகனை டியூஷனிலிருந்து அழைத்துவரப் போகிறேன், அதே லாரி கால்வாய்க் கரையில் நிற்கிறது. பருத்த குழாய் கோரைப்புல்லுக்குள் கிடக்கிறது. என் வீட்டுக் கழிவு என் கண்ணெதிரே கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன். சுத்திகரிப்பு நிலையம் தொலைவு, டீசல் செலவு, ராத்திரியில் உள்ளே விடமாட்டார்கள் என்றார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று இத்தனை வருடங்களில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முட்டுக்காட்டில் தண்ணீர் குறைந்த நாட்களில் இருளர் பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதைப் பாலத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். வலை கிடையாது. ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் நான் பல வருடங்களாக இறால் வாங்குகிறேன். லாரியைப் பார்த்த அந்த வாரம் அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, தோல் பிளந்திருந்தது. "முன்பெல்லாம் சேறு சாம்பல் நிறமாக இருக்கும் அம்மா. இப்போது கரையோரம் கறுத்துக் கிடக்கிறது. கையை விட்டால் அழுகிய முட்டை வாடை வருகிறது. அந்த இடத்தில் இறால் தங்காது" என்றார்.

அழுகிய முட்டை வாடை என்றால் அந்தச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல தண்ணீர் ஏரியில் பாசிக்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் தட்டுப்பாடு. உப்புத் தண்ணீரில் பெரும்பாலும் நைட்ரஜன். அந்தத் தட்டுப்பாட்டை நாம் நீக்கி வைத்தால் பாசி பெருகுகிறது. பகலில் அது ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதுவும் மூச்சு விட வேண்டும், செத்து அடியில் விழுந்த பாசியை மக்கச்செய்யும் நுண்ணுயிர்களும் மூச்சு விட வேண்டும். விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் பெரிதாக மிச்சமிருக்காது. மடவை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அந்த நேரத்தில்தான். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். உள்ளே வந்தது உள்ளேயே கிடந்து ஊறும்.

எங்கள் பக்கத்தில் ஆலை எதுவும் இல்லை; அப்படியானால் இவ்வளவு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பதில் கழிப்பறையில் இருந்தது. வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீரிலிருந்து வருகிறது. ஆனால் மொத்தக் கழிவுநீரில் சிறுநீரின் அளவு 1 விழுக்காடு அளவுதான்! குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாவற்றோடும் கலந்துவிட்டு, பிறகு அதைப் பிரித்தெடுக்கக் கோடிக்கணக்கில் செலவழித்து நிலையம் கட்ட வேண்டியிருக்கிறது.

செப்டிக் டேங்க் இருந்தால் கழிவு சுத்தமாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது கசடை அடியில் தங்கவைக்கும், அவ்வளவுதான். நைட்ரஜனின் பெரும்பகுதி அம்மோனியாவாகத் தண்ணீரோடு வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போகிறது. எங்கள் ஊர் மணல் பூமி. அங்கே அது நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீரோடு கிணற்றுக்கும் கால்வாய்க்கும் கடலுக்கும் நகர்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கிணற்று நீரைச் சோதிக்காமல் பால் கலக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, லாரி ஒழுங்காக நிலையத்துக்கே போனாலும்? பழைய நிலையங்களில் பெரும்பாலானவை நைட்ரஜனை நீக்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கழிவுநீர்த் தர விதிகளில் நைட்ரஜனுக்கு வரம்பே இல்லாமல் போனது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுக் கடுமையான அளவுகளைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆணை தாளிலிருந்து குழாய்க்கு வரும்வரை இறால் காத்திருக்குமா?

அதனால் சிறுநீரை வீட்டிலேயே தனியாகப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது என்று முடிவுசெய்தோம். ஒரு 10 லிட்டர் கேன், அதன் வாயில் ஒரு புனல், இறுக மூடும் மூடி. மூடி முக்கியம், திறந்து வைத்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், வீடும் நாறும். மாமனாருக்கும் கணவருக்கும் மகனுக்கும் இது எளிது. எனக்கு அகலமான புனலும் கொஞ்சம் மனப்பழக்கமும் தேவைப்பட்டன. முதல் வாரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் அது தயிருக்கு உறை ஊற்றுவதுபோல ஒரு வீட்டு வேலையாகிவிட்டது.

ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, வாழையைச் சுற்றிப் பாத்தி கட்டி ஊற்றி உடனே மண்ணை மூடிவிடுகிறோம். இலையில் படக் கூடாது. கீரைக்கு ஊற்றுவதில்லை, அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பதால் வாழை, தென்னை, எலுமிச்சையோடு சரி. சிறுநீரில் உப்பும் உண்டு, எங்கள் மண்ணிலோ ஏற்கெனவே உப்பு. ஆகவே ஒரே மரத்துக்கு மறுபடி மறுபடி ஊற்றுவதில்லை. மாமனார் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்ட பத்து நாட்களும் அவருடையதைச் சேர்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊற்றினால் நேராகக் கால்வாய்க்குத்தான் போகும். கேனை மூடி நிழலில் வைத்துவிட்டு மழை விட்டதும் எடுக்கிறோம். பூவன் வாழை இந்த முறை கரும்பச்சையாக இலை விட்டது. கடையில் உரம் வாங்கி ஒரு வருடம் ஆகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்ச் சாப்பாட்டில் ஒருவரின் சிறுநீர் வழியாக ஆண்டுக்கு 2 கிலோவுக்குச் சற்று அதிகமாக நைட்ரஜன் வெளியேறுகிறது. நான்கு பேர் வீட்டில் ஏறத்தாழ 9 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே 20 கிலோ யூரியாவுக்குச் சமம், 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்டப் பாதி. வேலைக்கும் பள்ளிக்கும் போவதால் எங்களுக்கு அதில் பாதிகூடக் கேனில் சேர்வதில்லை. சேர்ந்தவரை அது உப்பங்கழிக்குப் போகவில்லை.

கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் சுளித்தவள்தான். ஆனால் மாட்டுக் கோமியத்தைப் பயிருக்கு ஊற்றும்போது நமக்கு அருவருப்பு வருவதில்லை. பஞ்சகவ்யத்தைப் பாட்டிலில் வாங்கி வைக்கிறோம். காவிரிக் கரையில் முசிறியில் சாலியர் தெருவில் ஸ்கோப் என்ற தொண்டு அமைப்பு கட்டிய சூழல் கழிப்பறையில், சிறுநீரைத் தனியே பிரித்துச் சேகரித்து, பயன்படுத்த வருகிறவர்களுக்கு முறைக்கு 10 பைசா கொடுத்தார்கள். அந்த அமைப்பைத் தொடங்கிய மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் மனிதச் சிறுநீரை மக்காச்சோளத்துக்கும் வாழைக்கும் இட்டுச் சோதித்திருக்கிறார்கள். இது நம் மண்ணில் நடந்து பார்த்த காரியம்.

"பெரிய ஆலைகளை விட்டுவிட்டு வீட்டைக் குறை சொல்கிறீர்களே" என்று தோழி ஒருத்தி கேட்டாள். எண்ணூரில் ஆலைகளை எதிர்த்து நிற்பவர்களுக்கு என் முழு ஆதரவு உண்டு. முட்டுக்காட்டில் நிலைமை வேறு. இங்கே வீடுகளும் விடுதிகளும் அடுக்குமாடிகளும்தான். அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பத்திலும் இதே கதைதான். மணல் பூமி, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கழிமுகங்களில் கடற்புல் அழிந்து பாசி படர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநில அரசு 2023இல் விதியை மாற்றியது. அங்குள்ள ஊர் நிர்வாகங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுமைக்கும் திட்டம் தர வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரர்கள் நைட்ரஜனை நீக்கும் அமைப்புக்கு மாற வேண்டும். வீட்டின் பங்கை அங்கே சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

2024 அக்டோபரில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடற்கரைகளில் அலை நீலமாக ஒளிர்ந்ததை நினைத்துப் பாருங்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் படம் எடுத்தோம். அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். நீரோட்டம், மழை என்று அது பெருகப் பல காரணங்கள் உண்டு. கடலில் சேரும் சத்தும் அதில் ஒன்று. 2019இல் மன்னார் வளைகுடாவில் அதன் வகை ஒன்று பச்சையாகப் பெருகியபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சமையலறைக் கழிவைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாமல் மக்கவையுங்கள். புல்தரைக்கு யூரியா போடுவதை நிறுத்துங்கள். டேங்கைக் காலத்தில் காலி செய்யுங்கள். ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, உயிர்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

வரும் ஞாயிறு காலை எங்கள் தெருக் குடியிருப்போர் கூட்டம். எந்த வீடு லாரியைக் கூப்பிட்டாலும் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான ரசீதைக் காட்டிய பிறகே பணம் தருவது என்று முடிவெடுக்கச் சொல்லப்போகிறேன். டீசலுக்காகக் கூடுதலாக ஆகும் தொகையைத் தெருவே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்பேன். கானாத்தூர், முட்டுக்காடு, கோவளம் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதானால் சொல்லுங்கள். இரண்டு கேனும் புனலும் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.