அந்தக் கையை ஏன் வெட்டினீர்கள்?

இணையத்தில் ஓர் அறிவியல் பக்கத்தில் வந்த, 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு விஞ்ஞானி மோபெர்த்துய் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏஐயில் போட்டு வழுவழுவென்று ஆக்கி, முகத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். முழுப் படத்தையும் போடுங்கள் என்று கமெண்டில் கேட்டேன். கமெண்டையே தூக்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அது தூர்னியேர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து, 1741இல் ழான் டொலே செம்புத் தகட்டில் செதுக்கிய படம். அதில் முகத்தைவிடக் கைதான் முக்கியம். ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்தின் உடையில் மோபெர்த்துய், பூமி உருண்டையின் உச்சியில் கையை வைத்து அமுக்குகிறார். பூமி துருவங்களில் தட்டையா, நீண்டிருக்கிறதா என்று பாரிஸில் பெரிய சண்டை நடந்த காலம். 1736-37இல் லாப்லாந்துக் குளிரில் போய் அளந்து வந்து, நியூட்டன் சொன்னபடி தட்டைதான் என்றார் மனிதர். அந்த மொத்தச் சண்டையும் அந்தக் கையில் இருக்கிறது. அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள், கீழே இருந்த டொலேயின் பெயரோடு சேர்த்து.

"பழைய படம், யாருக்கும் உரிமை கிடையாது" என்பீர்கள். நான் சட்டம் பேசவில்லை. "மங்கலான கோட்டுப் படத்தை இந்தக் காலத்தில் யார் பார்ப்பார்கள்?" என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அந்தக் கோடுகள்தானே படம்! அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதை மனதில் வைத்தே எஃகு உளியால் ஒவ்வொரு கோடாக இழுக்க வேண்டும். கன்னத்தில் நிழல் விழ வேண்டுமென்றால் கோடு தடிக்க வேண்டும், நெருங்க வேண்டும். பிசகினால் தகட்டைப் பின்பக்கம் தட்டிச் சரிசெய்ய வேண்டும். அத்தனையையும் கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டது ஏஐ.

எங்கள் அப்பா ஜிங்க் பிளாக் செய்தவர், அதாவது துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் அச்சிடும் அச்சுக்கட்டை செய்தவர். அமில நெடியில் நின்று, கல்யாணப் பத்திரிகைக்கும் தேர்தல் நோட்டீசுக்கும் முகங்கள் எடுத்துக் கொடுத்தார். அச்சகத்தின் பெயர் அடியில் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில்கூட வந்ததில்லை. "ஓ, உனக்கு இது சொந்தக் கோபமா?" என்றால், ஆமாம், சொந்தக் கோபம்தான். சொந்தமாக வலித்தால் பேசக்கூடாதா?

பெயர் பொறிப்பது அன்றைக்கே இருந்த வழக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரின் 1789 வேதியியல் நூலில் இருக்கும் 13 கருவிப் படங்களையும் செதுக்கியவர் அவர் மனைவி மரி ஆன். தகட்டில் தன் பெயரையும் பொறித்தார். அந்தப் படங்களையும் ஓரம் வெட்டிப் பகிர்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அட்மின் இதைப் படித்தால், முழுப் படம் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். கையோடும் பெயரோடும் போடுங்கள்.