கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தது படம் இல்லை, டிஎன்ஏதான்

தென்கொரியாவில் ஹ்வாசாங் என்ற ஊர்ப்பக்கம் நிஜமாக நடந்த தொடர் கொலைகளை வைத்து எடுத்த படம் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. அந்த நிஜக் கொலைகாரன் படத்தைப் பார்க்க தியேட்டருக்கு வந்து மாட்டிக்கிட்டான்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் நடந்தது அது இல்லை.

படம் வந்தது 2003-ல். அப்போதே அந்த ஆள் ஜெயிலில்தான் இருந்தான், 1994-ல் மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை. ஹ்வாசாங் கொலைகளைச் செய்ததும் அவன்தான் என்று 2019-ல் தெரியவந்தது, அதுவும் போலீஸ் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்த தடயப் பொருட்களை மறுபடி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியதால். படத்தை ஜெயிலிலேயே பார்த்ததாகவும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்றும் கோர்ட்டில் சொன்னான். அந்தக் கடைசி ஷாட்டில் துப்பறிபவராக நடித்த சாங் காங்-ஹோ கேமராவை நேராக வெறித்துப் பார்ப்பாரே, அதைப் பார்த்துமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, இந்தக் கொலைகளுக்காக அவனுக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. வழக்குத் தொடரும் காலக்கெடு 2006-லேயே முடிந்துவிட்டது. அப்புறம், எட்டாவது கொலைக்காக சம்பந்தமே இல்லாத ஒருவர் கிட்டத்தட்ட 20 வருஷம் உள்ளே இருந்தார், 2020-ல்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. படத்தில் போலீஸ் அடித்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளை சும்மா மிகைன்னு நினைக்க வேண்டாம்.