எங்கள் விறாந்தையில் செத்த செய்தி

போன சனிக்கிழமை இரவு மகனோடு இருந்து 'தி போஸ்ட்' படத்தை இரண்டாம் தரம் பார்த்தேன். ஸ்பீல்பேர்க் எடுத்தது, 2017இல் வந்தது. இடையில் கரண்ட் வேறு போய்விட்டது, படம் முடிய ஒரு மணியாகிவிட்டது. மகன் ஏ.எல். படிக்கிற பெடியன். "அப்பா, இதில ஒரு சண்டைகூட இல்லையே" என்று முதல் அரை மணித்தியாலம் முனகினான். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியட்நாம் போருக்குள் அமெரிக்கா எப்படிக் கால் வைத்தது என்று ஆராயச் சொல்லி, பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா 1967இல் ஒரு இரகசிய ஆய்வைத் தொடக்கிவைக்கிறார். 47 தொகுதி, ஏறக்குறைய 7000 பக்கம். உள்ளுக்குள் ஒன்று தெரிந்திருக்க, சனத்துக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் அதற்குள் கிடந்தது. ஆய்வில் வேலை செய்த டானியல் எல்ஸ்பேர்க் 1969இல் அதைக் கட்டுக் கட்டாக வெளியே கொண்டுபோய், இரவிரவாகப் போட்டோக்கொப்பி அடிக்கிறார். 1971 ஜூன் 13ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் போடத் தொடங்குகிறது. அரசு நீதிமன்றத்துக்கு ஓடிப்போய்த் தடை வாங்குகிறது. அந்த இடைவெளியில் கட்டு வாஷிங்டன் போஸ்ட்டின் கைக்கு வருகிறது. போட்டால் சிறைக்கும் போகலாம், பங்குச் சந்தைக்கு அப்போதுதான் வந்த கொம்பனியும் கவிழலாம். முதலாளி கத்தரின் கிரேயம் போடச் சொல்கிறார். ஜூன் 30இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் டொம் ஹாங்ஸின் ஆசிரியர் பாத்திரத்தையும் அந்தத் தீர்ப்பையும்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு அது இரண்டும் பெரிதாகப் படவில்லை. நீதிமன்றம் உள்ள நாட்டில் நீதிமன்றக் காட்சி வரத்தானே செய்யும்? என்னைப் பிடித்து உலுப்பியது வேறொரு காட்சி. கிரேயம் அம்மா மக்னமாராவின் வீட்டுக்கே போய்க் கதைக்கிற காட்சி. அவர் வேறு யாரோ இல்லை, குடும்ப நண்பர். கணவர் இறந்த பிறகு யோசனை கேட்கிற ஆள். அந்த மனிதனின் பெயரைக் கெடுக்கப்போகிற தாள்கள் தன் பத்திரிகையில் வரப்போகின்றன என்று தெரிந்துகொண்டு, அவருக்கு முன்னால் இருக்கிறார் கிரேயம். கிரேயமாக நடித்த மெரில் ஸ்ட்ரீப்பின் குரல் உயரவே இல்லை. ஆசிரியர் பிராட்லியும் ஓரிடத்தில், கென்னடியோடு கூடித் திரிந்த காலத்தில் தான் கூட்டாளியா பத்திரிகைக்காரனா என்று யோசிக்காமல் விட்டதை ஒப்புக்கொள்வார். ஜனாதிபதி நிக்சனை எதிர்ப்பது அவர்களுக்குச் சுகம். வயிற்றைக் கலக்கியது கூட்டாளிதான்.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் எல்லாருக்கும் கஸ்தூரியார் வீதி ஞாபகம் வரும். வரவும் வேண்டும். 2006 மே 2 இரவு அங்கே இருந்த உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். விடிந்தால் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம், அந்த வருட யுனெஸ்கோ விழா கொழும்பில். செத்த இருவரில் ஒருவர்கூடச் செய்தி எழுதுகிறவர் இல்லை. சுரேஷ்குமார் விளம்பரம், சந்தை பார்த்தவர், ரஞ்சித்குமார் விநியோகப் பகுதி. துவக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு முன்னம் 2000 ஒக்டோபர் 19, ஊரடங்கு வேளையில், வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் நிமலராஜனை யன்னலுக்கால் சுட்டார்கள். சுற்றிவர இராணுவக் காவல் இருந்த இடம் அது. எங்கள் படத்தில் ஆறுக்கு மூன்று என்று ஒரு காட்சி வரவில்லை, இனி வரும் என்று நம்புகிறவர்களும் குறைந்துகொண்டு போகிறார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர் இல்லை, மருத்துவ பீட விரிவுரையாளர். அரசு, இந்தியப் படை, எங்கள் ஆயுத இயக்கங்கள் என்று ஒரு பக்கத்தையும் விடாமல் எழுதிய ராஜினி திராணகம. 1989 செப்டெம்பர் 21, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். அவர் பெயரை நாங்கள் எத்தனை மேடையில் சொல்கிறோம்? எதிரியைப் பற்றி எழுதிச் செத்தவருக்கு மாலை போடுவோம். எங்களைப் பற்றியும் எழுதியவர் என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விசயத்துக்குப் போய்விடுவோம்.

சரி, ஊரைச் சொன்னது போதும், என்னைச் சொல்கிறேன்.

பதின்மூன்று, பதினான்கு வருடத்துக்கு முன்னம் ஒரு பேப்பருக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். சம்பளம் என்று சொல்ல முடியாது, துண்டுக்கு இவ்வளவு என்று தருவார்கள், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கக் காணாது. ஒரு நாள் பின்னேரம் எங்கள் பகுதிக் கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். வெளிநாட்டுச் சனம் தேர் செய்ய அனுப்பிய காசின் பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்று, எல்லாம் போட்டோக்கொப்பி. ஒரே சீட்டு இலக்கம் இரண்டு பேருக்கு எழுதப்பட்டிருந்தது. சின்னப் பெடியனுக்கே விளங்கும். இரண்டு நாள் இருந்து எழுதி முடித்தேன். அனுப்புவதற்கு முதல் மற்றப் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்பது தொழில் முறை. அதனால் பொருளாளரிடம் போனேன்.

பொருளாளர் என் பெரிய மாமா.

அவர் கோபப்படவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தபடி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். மாமிதான் படலை வரைக்கும் பின்னால் வந்தா. "தம்பி, வாற மாசம் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வருகினம். நீ படிக்கேக்க உனக்கு ஆர் பீஸ் கட்டினது எண்டு நான் சொல்லேல்லை. உனக்கே தெரியும்." அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. ஆளைக் கடத்துகிற வெள்ளை வான் வரவில்லை. கல் ஒன்றுகூட விழவில்லை.

செய்தியை அனுப்பவில்லை. அந்தக் கிழமை குளத்துக் கட்டு உடைந்ததைப் பற்றி எழுதினேன். பை தந்தவர் ஒரு தரம் போன் எடுத்தார், நான் எடுக்கவில்லை. சில மாதத்தில் நிருபர் வேலையையும் விட்டுவிட்டேன், நேரமில்லை என்று காரணம் சொல்லி.

இதை அந்த மனிதர்கள் செத்ததோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கொமென்ட் போட வேண்டாம். ஒப்பிடவே முடியாது. அவர்கள் துவக்குக்கு முன்னால் நின்றார்கள், நான் ஒரு தேத்தண்ணிக்கு முன்னால் விழுந்தவன். என் கேள்வி எல்லாம் இதுதான்: யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பேப்பர்களில் வராமல் போன செய்திகளில் எத்தனை, விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி செத்தவை? எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான ஊர் இது. அதிபர் ஒருவருக்கு மச்சான், வைத்தியர் ஒருவருக்கு ஒன்றாய்ப் படித்தவர். கோயில் நிர்வாகம், சங்கம், பாடசாலை, ஆஸ்பத்திரி என்று எங்கே கை வைத்தாலும் யாரோ ஒருவரின் மாமி படலையில் நிற்பா. அமைச்சரைத் திட்டி முன்பக்கத்தில் போடலாம், எங்கள் சங்கத் தலைவரைப் பற்றி நாலு வரி போடத்தான் ஆளில்லை.

மகன் படம் முடிய ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, அந்த மனுசி பிறகு மக்னமாராவோட கதைச்சவவோ?" கதைத்தவர், கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.

பெரிய மாமாவை நல்லூர்த் திருவிழாவில் வருடா வருடம் காண்பேன். வடிவாகக் கதைப்பார். இந்த முறையும் தேரடியில் தோளில் கை போட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, இப்ப ஒண்டும் எழுதுறேல்லையோ?"