ஆல்வின் எங்கே?

"மார்மன்களுக்கு நரகமே கிடையாதாமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மார்மன்கள் என்றால் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ வழிச் சபையார். அவர் கேட்டது கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் இதை ஒரு சாவு வீட்டிலிருந்து தொடங்கினால்தான் பிடிபடும்.

1823 நவம்பர். நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா பக்கம், ஸ்மித் குடும்பத்துப் பிள்ளை ஆல்வின் 25 வயதில் வயிற்று வலியில் விழுந்தார். வைத்தியர் கொடுத்த பாதரச மருந்துக்குப் பிறகு எழவே இல்லை. எந்தச் சபையிலும் சேராதவர் என்பதால் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்கிற மாதிரி, அடக்கத்தின்போது போதகர் பேசினாராம். தம்பி வில்லியம் வயதான பிறகும் இதை மறக்காமல் சொன்னார். இன்னொரு தம்பிக்கு அப்போது 17 வயது. அவர்தான் ஜோசப் ஸ்மித், பின்னாளில் மார்மன் சபையை நிறுவியவர்.

மறுமை பற்றி ஜோசப் சொன்னதையெல்லாம் அந்தப் போதகருக்கான பதிலாகத்தான் நான் படிக்கிறேன்.

1832 பிப்ரவரியில், ஒஹாயோவில் ஒரு பண்ணை வீட்டில், அவரும் அவருடைய சகா சிட்னி ரிக்டனும் ஒரு தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள். அதில் பரலோகம் மூன்று: சூரிய மகிமை, சந்திர மகிமை, நட்சத்திர மகிமை. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அதே வரிசைதான். ஒழுக்கமாக வாழ்ந்தும் சுவிசேஷத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சந்திரன். பொய்யருக்கும் விபசாரக்காரருக்கும்கூட, தண்டனைக் காலம் கழிந்ததும் நட்சத்திரம் உண்டு. அந்தக் கடைசி மகிமையே மனித அறிவுக்கு எட்டாத அளவு உயர்ந்ததாம்! தெரிந்தே சத்தியத்தை எதிர்த்து நின்ற ஒரு சிலருக்கு மட்டும் 'புறம்பான இருள்', அதாவது நிரந்தர நரகம். பரலோகம், நரகம் என இரண்டே வாசல் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாக இறங்கவில்லை. ஜோசப்புக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங்கே முதலில் திணறியதாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, ஆல்வின்? 1836-இல் ஒஹாயோவின் கர்ட்லாண்டில் இன்னொரு தரிசனம். உச்சியில் இருக்கும் சூரிய மகிமையிலேயே ஆல்வினைப் பார்த்ததாக ஜோசப் சொன்னார். கூடவே அப்பா, அம்மாவும் தெரிந்தார்களாம். அப்பாவோ அந்த நேரம் அதே அறையில் உயிரோடு இருந்தார்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஞானஸ்நானம் எடுக்காத அண்ணன் அங்கே எப்படி என்று ஜோசப்பே வியந்தாராம். வாய்ப்புக் கிடைத்திருந்தால் ஏற்றிருப்பவர்களுக்கும் அங்கே இடமுண்டு என்பது பதில்.

1840-இல், இல்லினாய் மாநிலத்தில் மார்மன்கள் குடியேறிய நாவூ ஊரில், இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுக்கலாம் என்று அறிவித்தார். ஜனங்கள் மிசிசிப்பி ஆற்றில் இறங்கினார்கள். ஆல்வினுக்காக முழுகியவர் சகோதரர் ஹைரம். இன்று உலகத்தின் வம்சாவளி ஆவணங்களையெல்லாம் படமெடுத்து யூட்டாவில் மலையைக் குடைந்து இவர்கள் பாதுகாப்பதற்கும் வேர் இதுதான். முழுக்கு நடத்த முன்னோர் பெயர் வேண்டும் அல்லவா.

இங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. யூத இனப்படுகொலையில் செத்தவர்களின் பெயரும் இந்த ஞானஸ்நானப் பட்டியலில் ஏறியது. யூத அமைப்புகள் கொதித்தன. 1995-இல் ஒப்பந்தம் போட்டும் நிற்கவில்லை. நாஜிக் குற்றவாளிகளைத் தேடிப் பிடித்த சைமன் வீசெந்தாலின் பெற்றோருக்கும் நடந்துவிட்டது என்று 2012-இல் திருச்சபை மன்னிப்புக் கேட்டது. இறந்தவர் விரும்பினால் மறுக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். யூதராக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவரிடம் போய் அந்த விளக்கத்தைச் சொல்ல முடியுமா?

அப்புறம் இன்னொன்று. நரகத்தை இவ்வளவு சுருக்கிய மதத்தில் பயம் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை; இடம் மாறியிருக்கிறது. மார்மன் கோயிலில் சடங்கு செய்து 'முத்திரையிடப்பட்ட' குடும்பம் மரணத்துக்குப் பிறகும் ஒன்றாக இருக்கும் என்பதுதான் இவர்களின் பெரிய வாக்குறுதி. சூரிய மகிமையின் உச்சப்படிக்கு அது கட்டாயம். அப்படியானால் சபையை விட்டு விலகிய மகன்? அவனுக்கும் ஒரு பரலோகம் இருக்கும், அழகாகவே இருக்கும். ஆனால் அம்மா இருக்கும் இடம் அது இல்லை. பரலோகத்தில் நம் வீட்டு மேசையில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது என்று மார்மன் குடும்பங்களில் சொல்வார்கள். அம்மாக்கள் வேண்டுதலாகச் சொல்வது. விலகிய பிள்ளைகளின் காதில் அது எப்படி விழுமோ.